கையில் எடுத்த கல்

பொழிச்சலூர்,
20-12-2005

அன்புள்ள சரிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், சுவரைத் தவிர. அங்கே நீயும் நன்றாக இருக்க வேண்டும், கால் நனையாமல் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். உன் கடிதம் போன மாதக் கடைசியில் வந்தது. உறையில் உப்பு வாசனை இருந்தது போல எனக்குத் தோன்றியது. அப்பாவை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். தபால்காரர் பையில் கருவாடு வைத்திருப்பார் என்றார். மழை நின்றுவிட்டது. முடிச்சூர் பக்கம் இன்னும் தண்ணீர் முழுதாக வடியவில்லை. என்னோடு கல்லூரி நூலகத்தில் இருக்கும் ஷீலா இப்போதும் மாடியில்தான் சமைக்கிறாள். தண்ணீர் நம் வீட்டுக்குள் வரவில்லை. வாசற்படி வரை வந்தது, நின்றது, யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. போனில் உன்னோடு சரியாகப் பேச முடிவதில்லை. நீ பேசும்போது பாதி காற்று. நான் பேசும்போது பாதி விமானம். ஆனால் ஏப்ரல் வரை அந்தத் தீவிலேயே இருக்கட்டுமா என்று நீ கேட்டதும் நான் பதில் சொல்லாமல் ரிசீவரை வைத்தேனே, அதற்குக் காற்றும் காரணமில்லை, விமானமும் காரணமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பதில் கடைசியில் இருக்கிறது. தாண்டிப் போய் அதை முதலில் படிக்காதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

அப்பா ஏன் போனுக்கு வருவதில்லை என்று கேட்டிருந்தாய். குளிக்கிறார், ரயில்வே ஷெட்டில் டியூட்டி, தூங்குகிறார் என்று நான் சொன்ன எதையும் நீ நம்பவில்லை என்பது உன் குரலிலேயே தெரிந்தது. உண்மை இதுதான். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறார். ஆகஸ்டில் நீ வெளிநாட்டுப் படிப்பை முடித்து, வேலை தேடாமல், சம்பளம் இல்லாமல் கல் அடுக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து இப்படித்தான். கோபமாகக் கத்தியிருந்தால் எனக்குக் கவலையில்லை. கத்தவில்லை. “ஊரான் வூட்டு ஆட்டுக்குச் செவுரு கட்டவா ஏரோப்ளேன் ஏத்தி அனுப்புனேன்” என்று ஒரே ஒரு முறை சொன்னார், சாப்பிட்டுக்கொண்டே. பிறகு இல்லை. நீ எழுதியதை எல்லாம் நான் படித்துக் காட்டுவேன். தீவைச் சுற்றிக் கரையோரமாக ஓடும் சுவர், உள்ளே புல்வெளி, வெளியே கடல் ஓரத்தில் ஆடுகள், புயல் வரும்போதெல்லாம் கடல் சுவரைத் தள்ளிவிடும், தூக்கி நிறுத்த அங்கே ஆள் போதாது, அதனால் உங்களைப் போன்றவர்கள் போகிறீர்கள். கேட்காதது போலக் கேட்பார். அந்த ஆடுகளுக்குக் கடல்பாசிதான் தீனி என்று வந்த இடத்தில் மட்டும் தலையை நிமிர்த்தினார். “ஆடு பாசி துன்னுதா? இவ ஒழுங்கா சாப்புட்றாளா இல்லையா, அத்த மொதல்ல கேளு” என்றார். அதைக் கூட என்னைத்தான் கேட்கச் சொன்னார். நான்கு மாதமாக நான் உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன் சரிதா. நடுவில் நின்று எனக்குப் பழக்கம்தான். சித்தப்பா வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இத்தனை வருஷமாக நின்றவள்தானே.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பா வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இடையே ஏன் இரண்டு சுவர் என்று சின்ன வயதில் கேட்பாய், நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன். இப்போது சொல்லலாம். சித்தப்பா புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை அடித்தபோது அப்பாவின் பெயர் நாகு சித்தியின் அண்ணன் பெயருக்குக் கீழே வந்துவிட்டது. அவ்வளவுதான். அச்சகத்தில் நடந்த தவறு என்றார் சித்தப்பா. அச்சகத்துக்கு யார் எழுதிக் கொடுத்தது என்றார் அப்பா. விழாவுக்கு நாம் போனோம், சாப்பிடாமல் வந்தோம். அடுத்த மாதமே சித்தப்பா நம் கருங்கல் சுவரை ஒட்டி, கையை நுழைக்கும் அளவு இடைவெளி விட்டு, தனக்கென்று ஒரு கருங்கல் சுவர் எழுப்பினார். நம் சுவரின் தயவு அவருக்கு வேண்டாமாம். அந்த இடுக்கில் எவ்வளவு விழுந்தது! உடைந்த ஓடு, தேங்காய்ச் சிரட்டை, செங்கல் துண்டு, நீயும் சித்தப்பா மகன் விக்கியும் அடித்த இறகுப் பந்துகள். இரண்டு வீட்டிலும் குப்பைத்தொட்டி நிறைந்தால் அந்த இடுக்குதான். ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நவம்பர் மழையில் நம் சுவர் விழுந்தது. பகல் நேரம். பின்கட்டுக்குப் போகும் வழி முழுவதும் கல். யாருக்கும் அடியில்லை. அப்பா லீவு போட்டுத் தனியாகவே எல்லாவற்றையும் அள்ளிக் கேட் பக்கம் குவித்தார். இடுக்கிலிருந்த குப்பையையும் துப்புரவாக வாரிவிட்டார். வாரிய பெருமையில் காபி கேட்டார். நான் காபி கொண்டு வருவதற்குள் சித்தப்பாவின் சுவர் நம் பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். மறுநாள் மேலேயிருந்து கீழ்வரை விரிசல். அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக இரண்டு சுவரும் அந்தக் குப்பையின் வழியாக ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றிருக்கின்றன. தனித்தனியாக நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு.

இருவரும் நேராகப் பேச மாட்டார்களே. அன்று நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். சித்தப்பா நாவலூர் கம்பெனிக்கு வேன் ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர், தூக்கக் கண்ணோடு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, பக்கத்திலிருந்த நாகுவைப் பார்த்து, “ஏய், அந்தாளாண்ட சொல்லு, என் செவுத்துக்கு இருந்த சப்போர்ட்ட எடுத்துட்டு இப்ப வேடிக்கை பாக்குறாரு” என்றார். அப்பா என்னைப் பார்த்து, “உன் கொழுந்தனாண்ட சொல்லு, என் செவுரு வேணான்னுதான தனியா கட்டுனாரு, இப்ப இன்னாத்துக்கு சப்போர்ட்டு?” என்றார். நானும் நாகுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொல்லவேண்டிய அவசியமே இல்லை, தெரு முழுவதும் கேட்டாயிற்று. ஆனால் அந்தச் சுவருக்குக் கீழேதான் நான் குளியலறைக்கும் மோட்டார் போடவும் போய் வர வேண்டும். பயமாக இருந்தது. நாகுவிடம் மாடியில் துணி உலர்த்தும்போது சொன்னேன். மறுநாள் நூலகத்திலிருந்து வந்து பார்க்கிறேன், சித்தப்பா தூங்காமல் தன் சுவரைத் தானே மேலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். “அண்ணி, இப்ப போங்க, ஒண்ணும் வுழாது” என்றார். அப்பா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

பிறகு சுவரே இல்லை. கொத்தனார்கள் யாரும் கிடைக்கவில்லை, இந்த மழையில் எல்லோர் வீட்டிலும் ஏதாவது விழுந்திருக்கிறது, எல்லோரும் பொங்கல் கழித்து என்கிறார்கள். அப்பா எங்கிருந்தோ ஒரு நகைக்கடை விளம்பர பேனரைக் கொண்டு வந்து நடுவில் கட்டினார். கழுத்து நிறைய நகையோடு ஒரு மணப்பெண், காற்றடித்தால் வயிறு உப்பும், காற்று நின்றால் ஒடுங்கும். அவள் முகம் நம் பக்கம். நாகுவுக்கு முதுகுதான் தெரிகிறது என்று வருத்தம். பேனருக்குக் கீழே திறந்துதான் இருந்தது. நாகு குக்கர் வைத்தால் நம் சமையலறையில் விசில் கேட்டது. அவள் கால் போவதும் வருவதும் எனக்குத் தெரியும், என் கால் அவளுக்கு. ஒரு நாள் தெரு நாய் ஒன்று அங்கே நுழைந்து இங்கே வெளியேறியது, அப்பாவுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று.

அப்போதுதான் உன் கடிதத்தில் இருந்த படம் நினைவுக்கு வந்தது. நான் அதைச் சரியாகக் கவனிக்கவே இல்லை சரிதா, ஆட்டை மட்டும்தான் பார்த்திருந்தேன். சுவரைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று வரைந்திருந்தாய். ஒரு சுவர் போலத் தெரியும், உண்மையில் இரண்டு, அடியில் விலகி நின்று மேலே போகப் போக ஒன்றின் பக்கம் ஒன்று சாயும், நடுவில் சின்னக் கற்களை இறுக்கித் திணிக்க வேண்டும், இடையிடையே இரண்டு பக்கமும் எட்டுகிற நீளக் கல். சிமென்ட் இல்லை, காரை இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். நம் சுவர் இருந்த இடம், இடுக்கு, அவர்கள் சுவர் இருந்த இடம். மூன்றும் சேர்ந்தால் உன் படத்தின் அடிப்பாகம் அப்படியே வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு காலையில் ஆரம்பித்தேன். நான் மட்டும். பேனருக்குக் கீழே குனிந்து பார்த்த நாகு, “அக்கா, இன்னா பண்றீங்க, கொலுப்படியா கட்றீங்க?” என்றாள். உன் படத்தைக் காட்டினேன். சிமென்ட் இல்லாமல் நிற்குமா என்றாள். அங்கே கடலே வந்து முட்டுகிறது, நிற்கிறது என்றேன். விழுந்ததால்தானே சரிதா போயிருக்கிறாள் என்றாள். சிரித்துக்கொண்டே இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு தன் வீட்டுப் பக்கமாக உட்கார்ந்துவிட்டாள். ஒட்டியிருந்த பழைய காரையைச் சுத்தியலால் தட்டி எடுத்தோம். பெரிய கல் அடியில். கல்லின் நீளம் உள்நோக்கிப் போக வேண்டும் என்று நீ எழுதியதை மறந்து, வெளியே அழகாகத் தெரிய வேண்டும் என்று நீளவாக்கில் வைத்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மதியம் சாப்பிட்டு வருவதற்குள் வயிறு தள்ளிக்கொண்டு சரிந்துவிட்டது. மறுபடி பிரித்தோம். நடுவில் போடச் சின்னக் கல் போதவில்லை. அப்பா வாரிக் கொட்டிய இடுக்குக் குப்பையிலிருந்தே ஓட்டுத் துண்டும் செங்கல் துண்டும் பொறுக்கினோம். அதில் ஒரு கேரம் ஸ்ட்ரைக்கர் கிடைத்தது. விக்கி உன் மேல் திருட்டுப் பழி போட்டானே, அதுதான். சுவரிலேயே போட்டுவிட்டேன். அவன் பெங்களூரிலிருந்து வரும்போது சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறும், அதாவது முந்தாநாளும், நாங்கள் இரண்டு பேர்தான். சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. அப்பா நாற்காலியைக் கொண்டு வந்து போட்டுப் பேப்பர் படித்தார். பேப்பர் அதே பக்கத்தில் இருந்தது. “அது ஆடுது.” “அந்தக் கல்லத் திருப்பு.” “ஆமா, நாளைக்கு யாராவது கேட்டா இது யாரு செவுருன்னு சொல்லுவே?” இந்தக் கடைசிக் கேள்விதான் அவருக்கு உண்மையான கேள்வி. இந்தப் பக்கம் நம்முடையது, அந்தப் பக்கம் அவர்களுடையது, நடுவில் இருப்பது இரண்டு வீட்டுக் குப்பை என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, பேப்பரைத் தூக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, நான் தூக்க முடியாமல் புரட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லைப் பார்த்துப் பொறுக்காமல், “தள்ளுமே” என்று வந்து அதைத் தூக்கிவிட்டார். பெரிய கல். தூக்கிய பிறகுதான் எங்கே வைப்பது என்று பார்க்கிறார். இடமில்லை. கீழே போடப் போனார். கூடாது என்றேன். அவர்கள் குழுவில் சொல்கிற விதி அது, எடுத்த கல்லைக் கீழே போடக் கூடாது, இடம் கிடைக்கும்வரை கையிலேயே இருக்க வேண்டும் என்று சரிதா எழுதியிருக்கிறாள் என்றேன். “அவ சொன்னாளா?” என்றார். அவள்தான் என்றேன். போட்டிருக்கலாம். நான் என்ன செய்திருக்க முடியும். ஆனால் போடவில்லை.

அப்படியே நின்றார். இங்கே வைத்துப் பார்த்தார், ஆடியது. அங்கே வைத்துப் பார்த்தார், துருத்தியது. முகம் சிவந்துவிட்டது. ஒரு விமானம் தாழ்வாக வந்தது, அது போகும்வரை யாரும் பேச முடியாது, கல்லோடு அவர், சுத்தியலோடு நான், வாயில் கை வைத்தபடி நாகு. சத்தம் அடங்கியபோது சித்தப்பா அந்தப் பக்கம் பேனரைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. நாகுவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. “ணா, இந்தாண்ட குடு. இங்க ஒரு பள்ளம் கீது” என்றார். அப்பா கல்லைச் சுவருக்கு மேலாக நீட்டினார். ஒரு நொடி இரண்டு பேர் கையும் அந்தக் கல்லில் இருந்தது. சித்தப்பா குனிந்து வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அப்பா எட்டிப் பார்த்து, “அடியில சக்கக் கல்லு ஒண்ணு சொருவு, ஆடும்” என்றார். “தெரியும் தெரியும்” என்றார் சித்தப்பா. அவ்வளவுதான் பேச்சு. அவ்வளவுதான் சரிதா, ஆனால் நான் உள்ளே போய்ச் சமையலறையில் கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது இருவரும் நம் துணி துவைக்கும் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். வாஷிங் மெஷின் வந்த பிறகு அது சும்மாதான் கிடந்தது. இரண்டு பக்கமும் எட்டுகிற நீளக் கல் வேறு எங்கே கிடைக்கும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்தால்தான் அதைக் குறுக்கே வைக்க முடியும், வேறு வழியே இல்லை. வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது, நாகு அதில் காபி டம்ளரை வைக்கிறாள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நேற்றுக் காலையிலேயே சண்டை. “ணா, என் பக்கம் நூல் புடிச்ச மாதிரி கீது, உன் பக்கம் ஏழு மாசம் மாதிரி கீது” என்று சித்தப்பா சொல்ல, “வேன் ஓட்றவனுக்கு இன்னா தெரியும் நூலு” என்று அப்பா சொல்ல, பத்திரிகை விவகாரம் வரை போகுமோ என்று எனக்குப் பயம். போகவில்லை. ஆனால் நேராகச் சண்டை போட்டார்கள். எங்களை நடுவில் வைக்கவில்லை. நானும் நாகுவும் வேலையிழந்தது போல நின்றோம்.

இப்போது சுவர் இடுப்பு உயரம். மணப்பெண்ணை இன்னும் கழற்றவில்லை. இது எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த மழை சொல்லும். கற்களுக்கு இடையே வெளிச்சம் வருகிறது, காலையில் என் பக்கத் தரையில் சின்னச் சின்னத் துண்டாக வெயில் விழுகிறது. தண்ணீர் வந்தால் முட்டி நிற்காமல் அந்த வழியாகப் போய்விடும் என்று அப்பாவே கண்டுபிடித்தது போல எனக்கு விளக்கினார். நீ போன கடிதத்தில் எழுதியதுதான். நான் சொல்லவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். ஜனவரிக் கடைசியில் நீ வருவாய் என்று நான் மனதில் எத்தனையோ செய்து வைத்திருந்தேன். உன் அறையைத் துடைத்துவிட்டேன். வந்துவிடு என்று எழுதத்தான் சுவரில் கை வைப்பதற்கு முந்தின வாரம் ஒரு கடிதம் ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. சம்பளம் இல்லாத வேலையை ஏன் செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை என்று அதில் எழுதியிருந்தேன். இப்போது என் விரல் நுனியெல்லாம் காய்ந்து வெடித்திருக்கிறது, யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை, ஞாயிறு எப்போது வரும் என்று இருக்கிறது. முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏப்ரல் வரை இரு. கையில் எடுத்துவிட்டாய், கீழே போடாதே. இடம் பார்த்து வைத்துவிட்டு வா.

உள்ளங்கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, நாகு சொன்னாள், கேட்கிறது. அங்கே எண்ணெய் உறைந்துவிடும் என்றால் சட்டைப் பையில் வைத்துக்கொள். குனிந்து தூக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு, இது அப்பா சொன்னது, உன் பெயரைச் சொல்லாமல் பொதுவாகச் சொன்னார், ஆனால் நான் அப்போது கல் தூக்கவில்லை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இருட்டிய பிறகு கடல் பக்கம் போகாதே. அந்த ஆடுகளை எனக்காக ஒரு முறை பார்த்துக்கொள். உடம்பில் பலமும் மனதில் நிம்மதியுமாக நீ இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன், கல் உன் காலில் விழக் கூடாது என்பதையும் இப்போது சேர்த்திருக்கிறேன். நாகு சித்தியும் சித்தப்பாவும் உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். சித்தப்பா உன் பெயரை நம் வாசலில் நின்று சொன்னார்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா

உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்து கேட்டார், சுவரின் உச்சியில் கடைசி வரிசைக் கல்லைப் படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா என்று. உன் படத்தில் அந்த இடம் மடிப்பில் அழிந்துவிட்டது. கடிதத்தில் கேட்டு எழுதுகிறேன் என்றேன். வேண்டாம், கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம் ஆகும், அதுவரை செவுரு மொட்டையா நிக்குமா என்றார். சரி, ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் கேட்கிறேன் என்றேன். “நீ கேட்டா தப்பா சொல்லுவே. போனு அடிச்சா எடுக்காத. நான் பேசிக்கிறேன்” என்றார்.